பூஜ்யம் எங்கே இருக்கிறது?

பஞ்சராகிக் காற்று முழுவதும் இறங்கிப்போன சைக்கிள் டியூபில் காற்றளக்கும் கேஜை வைத்துப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் நிற்கும். அப்படியானால் டியூபுக்குள் காற்றே இல்லையா? ஆணி குத்திய துளை வழியே உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றுதானே உலவுகிறது! உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தம். சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு. கேஜ் பொய் சொல்லவில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் காட்டும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

அழுத்தத்தின் அலகுகளை மாற்றும் பாடத்தில் இந்தப் பூஜ்யத்தைப் பற்றி நாங்கள் (ஆசிரியர்களைத்தான் சொல்கிறேன்) அதிகம் பேசுவதில்லை. ஓர் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். நீங்களும் பெருக்கி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறீர்கள். அதில் இயற்பியல் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

முதலில் அந்த அட்டவணையே தேவையில்லை. 760 மில்லிமீட்டர் பாதரசம் எத்தனை பாஸ்கல்? திரவத் தம்பத்தின் உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்குங்கள்: 0.76 × 13,600 × 9.8 = 1,01,293. 1954இல் உலக நாடுகள் கூடி வரையறுத்த எண் 1,01,325. வித்தியாசம் 32தான், 13,600, 9.8 ஆகியவற்றைத் தோராயமாக எடுத்துக்கொண்டதால் வந்தது அது. பவுண்டும் அங்குலமும் இப்படியே. ஒரு பவுண்டு எடை 4.45 நியூட்டன், ஓர் அங்குலம் 0.0254 மீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 6,900 பாஸ்கல் என்று கிடைத்துவிடும்.

ஆனால் பெருக்கல் சரியாக இருந்தும் விடை தவறலாம். ஒரு கார் டயரில் காலையில் 27 டிகிரி செல்சியஸில் கேஜ் 30 காட்டுகிறது. நெடுந்தூரம் ஓடியபின் டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரி. கன அளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் கேஜ் இப்போது என்ன காட்டும்? 30ஐ 330ஆல் பெருக்கி 300ஆல் வகுத்து 33 என்று எழுதுவோர்தான் அதிகம். கல்லூரியில் முதலாண்டு படித்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். அதை அழகாகப் பாஸ்கலுக்கு மாற்றி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்! கிடைத்தது பூஜ்யம்.

வாயு விதிகளுக்குக் கேஜின் பூஜ்யம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்த பூஜ்யம் வெற்றிடம் ஒன்றே. ஆகவே 30உடன் 14.7ஐக் கூட்ட வேண்டும்: 44.7. இதை 330/300 ஆல் பெருக்கினால் 49.2. கேஜ் காட்டுவது வேண்டுமானால் 14.7ஐக் கழியுங்கள்: 34.5. வெப்பநிலைக்கு 273ஐக் கூட்ட மறக்காத மாணவர் அழுத்தத்துக்கு 14.7ஐக் கூட்ட மறந்துவிடுகிறார். இரண்டும் ஒரே காரியம் என்று நாங்கள் சொல்லித் தராததுதான் காரணம்.

மருத்துவரிடம் வாருங்கள். இரத்த அழுத்தம் 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம். சுமார் 16,000 பாஸ்கல். வெளிக்காற்றே 760 இருக்கும்போது 120 எப்படித் தாக்குப்பிடிக்கும்? இரத்தக் குழாய்கள் நசுங்கிவிடாவா? இதுவும் கேஜ் கணக்கே. வெற்றிடத்திலிருந்து எண்ணினால் உங்கள் தமனிக்குள் 880. பாரமானி காட்டும் 760 மட்டும் வெற்றிடத்திலிருந்து அளந்தது. ஆக, அலகு ஒன்று, பூஜ்யம் இரண்டு.

மருத்துவர்களும் பாஸ்கலுக்கு மாறவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த அலகுக்குப் பாஸ்கல் என்று 1971இல் பெயர் சூட்டினார்கள். இன்றைய மின்னணுக் கருவிகளில் பாதரசம் ஒரு சொட்டுக்கூட இல்லை. வாதம் நியாயமானதே. எனினும் எனக்கு அதில் அவசரம் இல்லை. 120, 80 என்ற எண்கள் நோயாளிக்கும் பழகிப்போனவை; நள்ளிரவில் மருத்துவமனையில் ஒருவர் 16ஐயும் 10.7ஐயும் பார்த்துத் தடுமாறும்படி ஏன் செய்யவேண்டும்? அலகு பழையதாக இருந்துவிட்டுப் போகட்டும். எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்தது என்பது தெரிந்தால் போதும்.

வினாத்தாள் தயாரிப்போரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அழுத்தம் என்று எழுதும் இடத்திலெல்லாம் மானி அழுத்தம் என்றோ தனி அழுத்தம் என்றோ குறிப்பிடுங்கள். அவர்கள் எழுதாவிட்டால், மாணவர்களே, விடைத்தாளில் நீங்கள் எழுதுங்கள். எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியட்டும்.

போகிறபோக்கில் ஒரு கணக்கு. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கலனில் கேஜ் சதுர அங்குலத்துக்கு −20 பவுண்டு காட்டுகிறது என்று வினாத்தாளில் இருக்கிறது. அதைப் பாஸ்கலுக்கு மாற்றச் சொல்கிறார்கள். என்ன எழுதுவீர்கள்?