மஞ்சளை வெட்டுகிறார்கள், நீலத்தை விற்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பைக்குகளில் கூடுதல் விளக்கு மாட்டியவர்களைப் பிடித்து அபராதம் போடுவதைப் பாராட்டி வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். எதிரே வந்த வெளிச்சத்தில் கண் இருண்டு, வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கியவன் நானும்தான். அவர்கள் கோபத்தில் தப்பில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருபது வருடமாக வண்டிகளுக்கு வயரிங் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில், இந்தத் தணிக்கை நடக்கும் லட்சணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே காய்கறி மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருப்பவர் ஒருவர், கோத்தகிரியிலிருந்து விடியற்காலையில் பைக்கில் இறங்கி வருவார். மூடுபனி கவிந்துவிட்டால் முன்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அவருடையது 35 வாட் ஹாலஜன் பல்பு போட்ட பழைய வண்டி. லெக் கார்டின் அடியில் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட் மாட்டிக் கொடுத்தேன். பேட்டரியிலிருந்து தனி வயர், ரிலே, ஃபியூஸ், கைப்பிடியில் தனி சுவிட்ச். பட்டறைச் சுவரில் அடித்துப் பார்த்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைத் தாண்டாதபடி சாய்த்து இறுக்கினேன்.

போன மாதம் ஒரு தணிக்கையில் 'எக்ஸ்ட்ரா லைட்' என்று சொல்லி, கட்டிங் பிளேயரால் வயரை நறுக்கிவிட்டார்கள். வெட்டிய முனையில் டேப் சுற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பனியில் மனுஷன் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்ட, தொங்கிய வயர் லெக் கார்டில் பட்டு ஃபியூஸ் போனது. ஹெட்லைட் வயரிலேயே ஒட்டுப் போட்டு, ஃபியூஸும் இல்லாமல் விட்டிருந்தால், வயரிங் மொத்தமும் கருகியிருக்கும். (அப்படி ஒட்டுப் போடும் பட்டறைகளும் உண்டு. அரை மணி நேர வேலை மிச்சம்.)

மஞ்சள் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். அது முழு உண்மையில்லை. பனித்துளி எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் நீலம் கழிந்துவிடுவதால் கண்ணுக்குக் கூச்சம் குறைவு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கு எவ்வளவு தாழ்ந்து இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. நீலமோ நேர் எதிர். பெட்டியில் 8000 கெல்வின் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, பவர் ஜாஸ்தி என்று பசங்கள் வாங்குகிறார்கள். அந்த எண் ஏற ஏற நீலம்தான் ஏறும், வெளிச்சம் ஏறாது. ஈரத் தார்ச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் குழி எது, நிழல் எது என்று ஓட்டுபவனுக்கே தெரியாது. ஆரம்பத்தில் 'ஐஸ் புளூ' கேட்டு வந்தவர்களுக்கு நானும் மாட்டிவிட்டேன். அந்தக் காசை வாங்கியதில் இப்போது எனக்கு வருத்தம் உண்டு.

வண்டி விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, தெளிவாகவே சொல்கின்றன. முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கியோ, ஓட்டுபவர் தாழ்த்தக்கூடியதாகவோ இருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அது கூசக்கூடாது என்பது 106-ஆம் விதி. ஸ்பாட் லைட்டுக்குத் தனித் தடை 111-ஆம் விதியில் இருக்கிறது. முன்பக்கம் சிவப்பு காட்டவே கூடாது. இவற்றைச் சரிபார்க்க ஓர் அளவு டேப்பும், சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு குச்சியும் போதும். இரண்டையும் எந்தத் தணிக்கையிலும் நான் பார்த்ததில்லை. கையில் இருப்பது கட்டிங் பிளேயர் மட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், வண்டியில் விதிக்குப் புறம்பாகச் செய்யும் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று உரிமையாளரைப் பிடிக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருபவன் கண்ணில் நீலத்தை அடிப்பவனுக்கும், தாழ்த்திக் கட்டிய மஞ்சளோடு போகிறவனுக்கும் ஒரே அபராதமா? கூடுதல் விளக்கைச் சில வண்டிக் கம்பெனிகளே உதிரிபாகமாக விற்கின்றனவே, அதையும் நறுக்குவார்களா? போலீஸ் வண்டி போலச் சிவப்பும் நீலமும் மாறி மாறி மினுக்கும் ஃபிளாஷர், ஒரு பிரியாணி விலைக்கு உதிரிபாகக் கடை வாசலில் சரமாகத் தொங்குகிறது. தணிக்கை செய்பவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஒருநாளாவது அங்கே வண்டியை நிறுத்தக் கூடாதா?

அடுத்த தணிக்கைக்கு முன்னால் எந்த விளக்கு கூடும், எந்த விளக்கு கூடாது என்று போக்குவரத்துத் துறை தமிழில் எழுதி, பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பட்டும். கணக்கப்பிள்ளை நேற்றும் வந்து, வெட்டிய வயரை ஒட்டித் தரச் சொன்னார். வண்டி இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
மேட்டுப்பாளையம்.