எங்கே நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க!

கம்ப்யூட்டர் ஸ்லோவா? உடனே 'ரேம் பத்தலை'ன்னு பர்ஸைத் திறக்காதீங்க பாஸ்! ராயக்கோட்டையில் ஏறி பெங்களூரு போற ரயில் லேட்டானா, எந்த ஸ்டேஷன்ல எத்தனை நிமிஷம் நின்னுச்சுன்னு குறிச்சாதானே காரணம் புரியும்?

ஓ.எஸ்.ஸின் இதயமான கெர்னலுக்கும் அதே கதைதான். லினக்ஸில் 2008-ல் சேர்ந்த 'எஃப்டிரேஸ்', எந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியலே போட்டுத் தரும். ஓடுற கெர்னலை நிறுத்தாமல், வேண்டிய இடத்தில் வேவு பார்ப்பது 'கேப்ரோப்ஸ்'. 2002-ல் அதை எழுதத் தொடங்கியவர், நம்ம பக்கத்து பெங்களூரு ஐ.பி.எம்.மில் இருந்த வம்சி கிருஷ்ணா. 2004-ல் லினக்ஸ் 2.6.9-ல் சேர்ந்த அந்த ஃபைலின் உச்சியில் அவர் பெயர் இன்னமும் இருக்கு.

ஃபைலைப் படிக்கக் காசு வேண்டாம். ரேம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்களேன்!