அம்மா வாங்கிய டிகிரி அமெரிக்காவில் கணக்கில் வருமா?

அமெரிக்காவில் 12-ம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகளில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் காலேஜ் அப்ளிகேஷன் பேச்சுதான். நவம்பர் 1, ஜனவரி 1 என்று கடைசித் தேதிகள் வரிசையாக நிற்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' படிவத்தில் ஒரு பகுதி மட்டும் பல பிள்ளைகளை யோசிக்க வைக்கிறது. பெற்றோர் என்ன படித்தார்கள் என்று கேட்கும் பகுதி அது.

அம்மா ஊரில் பி.எஸ்சி. முடித்தவர், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறார். அப்பா பி.காம்., பெட்ரோல் பங்க் கல்லாவில் நிற்கிறார். இப்படி ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வரும் சந்தேகம் நியாயமானதுதான். "ரெண்டு பேருமே அமெரிக்கக் காலேஜ் வாசலை மிதிச்சதில்லையே, அப்போ நான்தானே முதல் தலைமுறை?"

இந்தக் கேள்விக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ரத்து செய்தது. அதன்பிறகு, ஒரு மாணவர் எந்தச் சூழலில் இருந்து வருகிறார் என்பதைக் காட்டும் மற்ற விவரங்களுக்குக் கவனம் கூடிவிட்டது. முதல் தலைமுறை மாணவர்களுக்கென்றே ஸ்காலர்ஷிப், வழிகாட்டிகள், தனிப் பயிற்சி என்று வைத்திருக்கும் கல்லூரிகளும் நிறைய.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் உயர்கல்விச் சட்டம் 1965-ல் வந்தது. அதில் உள்ள வரையறை எளிமையானது. அப்பா, அம்மா இருவருமே பேச்சலர் டிகிரி முடிக்காதவர்கள் என்றால், பிள்ளை முதல் தலைமுறை. ஒருவரிடம் மட்டுமே வளர்ந்த பிள்ளை என்றால், அந்த ஒருவரின் படிப்பை மட்டும் பார்த்தால் போதும். டிகிரியை எந்த நாட்டில் வாங்கினார் என்ற பேச்சே அதில் இல்லை. ஆக, திருச்சியில் வாங்கிய பி.எஸ்சி.யும் டிகிரிதான், யாழ்ப்பாணத்தில் வாங்கிய பி.ஏ.வும் டிகிரிதான்.

அதே வரையறை சிலருக்கு நல்ல சேதியும் சொல்கிறது. பெற்றோர் பாலிடெக்னிக் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் என்றால், அது பேச்சலர் டிகிரி ஆகாது. அந்தப் பிள்ளை முதல் தலைமுறைதான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டில் 2010-ல் வந்த முதல் தலைமுறை பட்டதாரி கட்டணச் சலுகையில் உடன்பிறந்தவரின் படிப்பையும் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கே உரிமையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கல்லூரிகளும் ஒரே வரையறையை வைத்திருப்பதில்லை. 'நான்கு வருட டிகிரி' என்று கேட்கும் இடங்களில் நம் மூன்று வருட பி.ஏ., பி.காம். எங்கே நிற்கிறது என்ற குழப்பம் வரும். பெற்றோர் அமெரிக்காவுக்கு வெளியே படித்திருந்தால் பிள்ளையை முதல் தலைமுறையாக ஏற்கும் உதவித் திட்டங்களும் சில வளாகங்களில் இருக்கின்றன. நாமாக ஊகிக்க வேண்டாம். அந்தந்த அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடலாம்.

மறைத்தால் என்ன ஆகும்?

படிவத்தின் கடைசியில் 'சொன்னதெல்லாம் உண்மை' என்று கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் கிடைத்த சீட்டே போகலாம். ஆனால், பயத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்ற அப்பாவும், பள்ளிக்கூடமே போகாத அம்மாவும் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். அந்த இடம் அந்தப் பிள்ளைக்காக வைத்தது. கடையில் பில் போட்டாலும், நம் வீட்டு அம்மாவுக்குப் பரீட்சை என்றால் என்ன, காலேஜ் ஏன் வேண்டும் என்று தெரியும். 'படிக்கிறாயா' என்ற கேள்வியே நம் வீட்டில் எழுந்திருக்காது. 'என்ன படிக்கிறாய்' என்றுதான் கேட்டிருப்பார்கள். அதுவும் அந்த டிகிரி தந்ததுதான்.

அதற்காக உங்கள் கஷ்டம் பொய்யாகிவிடாது. சிபாரிசுக் கடிதத்தை யாரிடம் கேட்பது, கல்வி உதவிக்கான 'ஃபாஃப்ஸா' படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. படித்த படிப்புக்கு இங்கே வேலை கிடைக்காமல் வருமானமும் குறைவு. இதையெல்லாம் சொல்லவும் அதே படிவத்தில் இடம் இருக்கிறது. கட்டுரையில் எழுதலாம், 'கூடுதல் விவரம்' பகுதியில் எழுதலாம். குடும்ப வருமானம் குறைவு என்றால், கூட்டாட்சி அரசின் 'ட்ரியோ' உதவித் திட்டங்களுக்கு அந்தத் தகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். முதல் தலைமுறையாக இருந்தால்தான் என்று இல்லை.

"அம்மா பட்டதாரி. அந்தப் பட்டத்துக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. அப்ளிகேஷன் வேலைகளை நானே தேடித்தேடிக் கற்றுக்கொண்டேன்." இப்படி மூன்று வரி நேராக எழுதினாலே படிப்பவருக்கு உங்கள் வீடு புரிந்துவிடும்.

இன்னொன்று. பெற்றோர் படித்த கல்லூரியின் பெயர், வாங்கிய பட்டம், முடித்த வருடம் எல்லாவற்றையும் படிவம் கேட்கும். பல பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. இன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.