நூலில் இருந்த ஈரம்

"ஈரமா இருக்கறப்ப நூலை எடை போட்டுக் குடுத்தீங்க. காஞ்சப்புறம் துணியை எடை போடறீங்க. நடுவுல ஆவியாப் போன தண்ணிக்கு நான் காசு குடுக்கணுமா பாய்?"

1989 தை மாதம், ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக்கொட்டகைத் திண்ணையில் ஒரு நெசவாளர் என்னிடம் கேட்டது இது. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு 26. கையில் கணக்கு நோட்டு, தலையில் தொப்பி. அரை மணிக்கு முன்னால் அதே திண்ணையில்தான் லுஹர் தொழுதிருந்தேன். கோரைப்பாயை உதறி விரித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

எங்களுக்கு வண்ணாரப்பேட்டையில் லுங்கி வியாபாரம். அத்தா ஆர்.கே.பேட்டைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அந்த ஊர் ஆந்திராவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அத்தாவின் பழைய நோட்டுகளில் பாதிக் கையெழுத்து தெலுங்கில் இருக்கும். சென்ட்ரலில் ரயில் ஏறி, திருத்தணியில் இறங்கி பஸ் மாறினால், ஊருக்குள் நுழையும் முன்பே தறிச்சத்தம் கேட்டுவிடும். பாவும் ஊடை நூலும் நாங்கள் கொடுப்போம், அவர்கள் கூலிக்கு நெய்து தருவார்கள். கொடுத்த நூலின் எடைக்கும் வந்த துணியின் எடைக்கும் நேர்செய்வதுதான் கணக்கு. கஞ்சிக்கு ஒரு கழிவு, சேதாரத்துக்கு ஒரு கழிவு. அதற்கு மேலும் குறைந்தால் கூலியில் பிடிப்போம்.

அன்று 50 கிலோவுக்கு இரண்டரை கிலோ குறைந்தது. அதன் விலையாக 160 ரூபாயைப் பிடித்தேன். மீதிக் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் பேசாமல் அவர் உள்ளே போய்விட்டார்.

நூல் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் கேட்டதன் நியாயம் புரியும். பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூலில் எட்டரை கிலோ ஈரம் ஏறியிருப்பது இயல்பு என்று வியாபாரத்திலேயே ஒப்புக்கொண்ட கணக்கு உண்டு. மழைக்காலத்தில் அது கூடும், வெயிலில் இறங்கும். ஐப்பசி அடைமழையில், தரை கசிகிற கிடங்கிலிருந்து நாங்கள் எடுத்துக் கொடுத்த நூல் அது. தை வெயிலில் காய்ந்து துணியாக வந்தது. ஒரு இழைகூட அவர் எடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இரவு அத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலை கிடங்கிலிருந்து ஒரு கோனை எடுத்து எடைபோட்டு, மொட்டைமாடி வெயிலில் வைத்தார். சாயங்காலம் மறுபடி எடைபோட்டு, தட்டை எனக்குக் காட்டினார். "அடுத்த வாரம் போறப்ப குடுத்துடு" என்றார். அவ்வளவுதான்.

நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் அந்த நெசவாளர் வேறு முதலாளியிடம் மாறிவிட்டார். பிறகு வெட்கம், அப்புறம் மறதி. இன்று 160 ரூபாய்க்காக ஒருவன் பத்திரிகையில் எழுதுகிறானே என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் பிடித்துவைக்கிற அளவுக்கு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைதான் என்னை எழுதவைக்கிறது.

எங்கள் மார்க்கத்தில் நற்குணம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், எங்கள் ஜமாஅத்தில் எல்லாரும் உடனே சொல்வார்கள்: நற்குணங்களை முழுமையாக்கவே நபிகள் நாயகம் அனுப்பப்பட்டார்கள் என்று. மதரஸா பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். ஆனால் 'குணம்' என்றதும் நாங்கள் புன்சிரிப்பையும் இனிய பேச்சையும் விருந்தோம்பலையும்தான் நினைக்கிறோம். தராசு நினைவுக்கு வருவதில்லை.

குர்ஆனில் 83-வது அத்தியாயத்துக்குப் பெயரே அளவில் மோசடி செய்பவர்கள். நிறைத்து வாங்கிக் குறைத்துக் கொடுக்கிறவர்களைக் கண்டித்துத்தான் அது தொடங்குகிறது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி, ஓரிறைக் கொள்கைக்கு அடுத்தபடியாக அவர்களிடம் பேசியது எடையையும் அளவையையும் பற்றித்தான். மதீனா கடைத்தெருவில் நபிகளார் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவன் அல்ல என்ற பொருளில் கடுமையாகச் சொன்னார்கள். மழை, ஈரம், எடை. இந்தச் செய்தியைப் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எங்கள் கிடங்கு என் நினைவுக்கு வரவில்லை.

யோசிக்காமலும் சிரமப்படாமலும் ஒருவனிடமிருந்து எது வெளிப்படுகிறதோ அதுதான் அவன் குணம் என்று இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் விளக்குகிறார். அவர் இறந்தது 1111-ல். அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் என்னைத் தப்பவிடவில்லை. அன்று நான் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. யோசிக்காமல் கழித்தேன். கழிப்பது கைப்பழக்கமாக இருந்தது.

நாங்கள் ஜகாத் கணக்குப் பார்ப்பதில் கெட்டி. நூற்றுக்கு இரண்டரை, பைசா பிசகாது. அந்த நெசவாளரிடம் நான் பிடித்தது நூற்றுக்கு ஐந்து. அவரிடம் பிடித்ததில் பாதியைக் கொண்டு எந்த ஏழைக்கோ ரமலானில் வேட்டி வாங்கிக் கொடுத்து துஆ வாங்கியிருப்பேன். இது எங்கள் சமூகத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. செத்தும் கொடுத்த சீதக்காதியை, கீழக்கரையில் வாழ்ந்த அந்த வள்ளலைத் தமிழ்நாடே பழமொழியில் வைத்திருக்கிறது. நியாயமாக எடைபோட்ட வியாபாரிக்கு ஒரு பழமொழி இருப்பதாகத் தெரியவில்லை. வள்ளுவர் மட்டும் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வியாபாரிகளுக்கு ஒதுக்கினார். கொடுப்பது ஊருக்குத் தெரியும். பிடித்தது பறிகொடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நபிகளாரின் குணத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் யார் என்று பார்த்தாலும் இதே விஷயம்தான். முதல் வஹீ வந்து அவர்கள் நடுங்கியபோது தேற்றியவர் கதீஜா அம்மையார். மனைவி என்பதற்கு முன்னால், தம் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்து சிரியாவுக்கு அனுப்பிய முதலாளி. உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள், இறைவன் உங்களைக் கைவிடமாட்டான் என்றுதான் தேற்றினார்கள். அப்போது ஐந்து வேளைத் தொழுகை கடமையாகியிருக்கவில்லை. இன்னொரு சாட்சி அனஸ், பத்து வருடம் பணிவிடை செய்தவர். அத்தனை வருடத்தில் 'சீ' என்ற ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்றார். மேலே இருந்து ஒரு முதலாளி, கீழே இருந்து ஒரு வேலையாள். என் கடையில் வேலை பார்த்த பையன்களைக் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்காமல் இருப்பது நல்லது.

உலகை விட்டுப் போகும்போது நபிகளாரின் கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. எதிரில் இருப்பவர் எந்த மதம் என்பதைப் பொறுத்து நாணயம் மாறுவதில்லை என்பதற்கு வேறு என்ன சொல்ல வேண்டும்? ஆனால் 'நம்ம ஆள்' என்றால் ஒரு தராசு, மற்றவர் என்றால் ஒரு தராசு என்று பேசுகிற வியாபாரிகளை எல்லாச் சமூகத்திலும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் பார்க்கும்போது கூடுதலாகக் கோபம் வருகிறது.

ஆகவே என் வேண்டுகோள் நேரானது. ஜமாஅத் நோட்டில் யார் வீட்டுச் சந்தா எத்தனை மாதம் பாக்கி என்று துல்லியமாக இருக்கிறது. எந்த முதலாளி எந்த வேலையாளுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறார் என்று கேட்க ஆள் இல்லை. வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் இது. ஜுமுஆ மேடையில் தாடியின் நீளம் பற்றிப் பேசுகிற அளவுக்கு மீட்டரின் நீளம் பற்றியும் பேசட்டும். இரண்டு மீட்டர் என்று லேபிள் ஒட்டி அதற்குக் குறைந்த லுங்கியை விற்கிறவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்து, தன்னிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் பறிகொடுத்தவர்களுக்கும் அந்த நன்மைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு வெறுங்கையாக நிற்கிறவனைத்தான் நபிகளார் 'திவாலானவன்' என்றார்கள். எங்களுக்கு நன்றாகப் புரிகிற வார்த்தை.

இதில் ஒரு சிக்கலான சட்டமும் உண்டு. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதனிடம் பறித்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். இல்லையென்றால் வாரிசிடம் சேர்க்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் வீடு வீடாகப் போய் மாப்பு கேட்கும் வழக்கம் அதனால் வந்ததுதான். நான் 2012-ல் போனபோது மண்ணடியிலிருந்து குடியாத்தம் வரை சொந்தக்காரர்கள் எல்லார் கையையும் பிடித்து மாப்பு கேட்டேன். ஆர்.கே.பேட்டைக்கு மட்டும் போகவில்லை.

போன வருடம் போனேன். தறிக்கொட்டகை பாதி இடிந்திருந்தது. பெரியவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, லீவுக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்பா உங்களப் பத்தி எதுவும் சொன்னதில்லையே பாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கம்பெனியிலயும் ஓ.டி. காசு மாசாமாசம் கொஞ்சம் குறையும். கேட்டா ஒரு கணக்கு காட்டுவாங்க" என்றார்.

160 ரூபாயை நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷத்துக்கு வட்டி கிடையாதா?"

எங்கள் மார்க்கத்தில் வட்டி ஹராம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு லாபமான இடத்தில் மட்டும் எவ்வளவு சீக்கிரம் நினைவுக்கு வருகிறது! சொல்லவில்லை. நான் பிடித்தது ரூபாயே இல்லையே, இரண்டரை கிலோ நூல். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நூல் கடை ஏதாவது திறந்திருக்குமா என்று அவரிடமே கேட்டேன். 60-ம் நம்பர் நூல் இப்போது கிலோ என்ன விலை என்று விசாரிக்க இருவருமாக நடந்தோம்.