பக்கத்துப் பள்ளிக்குப் போகிறவரும் முஸ்லிம்தான்



மாணவர்களைத் தீவிரவாதத்திலிருந்து காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம், பிற மதச் சகோதரர்களோடு எப்படி வாழ்வது என்றே பேசுகிறோம். அது அவசியம்தான். ஆனால் அதற்கு முந்திய படி ஒன்று நமது ஊருக்குள்ளேயே இருக்கிறது.

சஹ்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்கள் பறிக்கப்பட்டன. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 2017 மார்ச்சில், காத்தான்குடியில் அவருடைய கூட்டத்துக்கும் சூபி முஸ்லிம்களுக்கும் இடையில் மோதல் நடந்தது. தேவாலயத்துக்கு முன்பே சக முஸ்லிம் மீது கை ஓங்கப்பட்டு விட்டது.

இன்று தரம் 9, 10 பிள்ளைகளின் வாயில் "முஷ்ரிக்", "வழிகேடன்", "வஹாபி" என்ற வார்த்தைகள் சாதாரணமாக வருகின்றன. தொப்பி போடுவது, அத்தஹிய்யாத்தில் விரலசைப்பது, சுபஹில் குனூத் ஓதுவது, மௌலிது ஓதுவது என்று எதற்கெடுத்தாலும் ஒரு பட்டம். இது இஸ்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. வீட்டிலும், மிம்பரிலும், போனிலும் கேட்டதுதான்.

முஆத் (ரழி) அவர்கள் தொழுகையை நீட்டியபோது, ஒருவர் விலகித் தனியே தொழுதார். அவரை முஆத் முனாபிக் என்றார்கள். விடயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது கண்டிக்கப்பட்டது தனியே தொழுதவர் அல்ல, முஆத்தான். இத்தனைக்கும் அவர் மார்க்க அறிவில் சிறந்த ஸஹாபி.

ஸூரத்துல் பகராவின் 143ஆவது வசனம் நம்மை நடுநிலைச் சமுதாயம் என்கிறது. நடுநிலை என்றால் மார்க்கத்தில் பாதியை விடுவதல்ல. என் அமலில் உறுதியாக இருந்துகொண்டே, வேறு விதமாகத் தொழுபவருக்கும் ஸலாம் சொல்வது.

சின்ன விடயங்கள்தான். பெற்றோரே, பிள்ளைகள் முன்னால் மற்ற ஜமாஅத்தைப் பட்டம் சொல்லி ஏசாதீர்கள். யாருடைய பயானைக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். மௌலவிமாரே, ஜும்ஆவில் கருத்து வேறுபாட்டின் ஒழுக்கத்தையும் பேசுங்கள். ஆசிரியர்களே, மாணவன் சிக்கலான கேள்வி கேட்டால் "உட்காரு" என்று வாயை அடைக்காதீர்கள். இங்கே பதில் கிடைக்காதவன் போனில் தேடுவான். அங்கே யார் காத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

சக முஸ்லிமை வெறுக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மதத்தவரை வெறுக்க அதிக நாள் எடுக்காது. அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.