ஏறாத ரைடுக்கு எதுக்குங்க டிக்கெட்?

ஊர்லேர்ந்து வாட்ஸாப்ல சேதி வந்திருக்கு. மே மாசம் நான் சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்ப எல்லாரும் சேர்ந்து மறுபடியும் தீம் பார்க் போறோமாம். மொத்தம் 14 பேர், வேன் பேசியாச்சாம். படிச்சதும் போன வருஷக் கதை ஞாபகம் வந்துடுச்சு. இத்தனை நாள் எழுத வேண்டாம்னு இருந்தேன். தம்பி பொண்டாட்டியே "எழுதுங்க, பேர் மட்டும் வேண்டாம்"னு சொன்னதால எழுதறேன். பார்க் பேரும் வேண்டாம்.

வடகரப்பதிக்காரங்களுக்கு இது ஒரு வசதி. இந்தப் பக்கம் வேலந்தாவளம் தாண்டினா கோயமுத்தூர், அந்தப் பக்கம் பாலக்காடு, இன்னும் போனா கொச்சி. ரெண்டு ஸ்டேட் பார்க்கும் நமக்குப் பக்கம்தான் :-)

போன மே மாசம் போனப்ப தம்பி பொண்டாட்டிக்கு எட்டு வாரம். விஷயம் தெரிஞ்சது தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான். அதுக்கு முந்தின தடவை நாள் தள்ளினதுமே ஊருக்கெல்லாம் சொல்லி, பத்தாவது வாரத்துல கலைஞ்சுபோச்சு. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா அதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால இந்த முறை மூணு மாசம் முடியாம வாயே திறக்கறதில்லைன்னு இருந்தா.

ஒவ்வொரு ரைடு வாசல்லயும் போர்டு. இதய நோய், முதுகு வலி, கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. போர்டு சரிதான், நான் அதைக் குறை சொல்லலை. ஆனா அதைப் பார்த்து ஒதுங்கினா ஏன் ஒதுங்கறேன்னு 13 பேர் கேட்பாங்களே? முதல் ரைடுக்கு தலைவலின்னா. ரெண்டாவதுக்கும் தலைவலி. மூணாவதுல சித்தி, "ஏங்கண்ணு, முழு டிக்கெட் எடுத்துட்டு பையைக் காவல் காக்கவா வந்தே?"ன்னாங்க. சித்தப்பா பையன் கையைப் பிடிச்சு "சும்மா உக்காருங்க நங்கை, ஒண்ணும் ஆகாது"ன்னு இழுத்தான். (எங்க ஊர்ல அண்ணியை நங்கைன்னுதான் கூப்பிடுவோம்.) நான் அந்த நேரம் சாப்பாட்டு டோக்கன் வரிசையில நின்னுட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா அவ மேலே போயிட்டிருக்கா. ரெண்டு கையாலயும் கம்பியைத் தள்ளி, வயித்துல படாம பிடிச்சிருந்தா.

ஒண்ணும் ஆகலை. ஆனா மூணு ராத்திரி அவ தூங்கலை. நாலாம் நாள் டாக்டர்கிட்ட போனோம். அவர் சொன்னது எனக்குப் புதுசு. முதல் மூணு மாசம் கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ள பத்திரமா இருக்கும், தெரியாம ஏறிட்டு பயந்து வர்றவங்க நிறைய, பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்லை. பிற்பாடுதான் ஆபத்து. கர்ப்பப்பை தசை, இழுத்தா நீளும். நஞ்சு அப்படி நீளாது. வேகமா போறது சடக்குன்னு நின்னா, வயித்துல அடியே படாட்டியும் நஞ்சு சுவரைவிட்டுப் பிரியலாம். இது கார் விபத்துகள்ல பார்த்துத் தெரிஞ்சுகிட்டது. ரைடுல கர்ப்பிணியை ஏத்தி யாரும் சோதனை பண்ணப் போறதில்லை, அதனாலதான் எல்லாரையும் ஏறாதேன்னு சொல்றது.

சரி, இப்ப என் கேள்விக்கு வர்றேன். நான் பி.காம். படிச்சு பேங்க்ல குப்பை கொட்டறவ, எனக்கு கணக்குதான் கண்ல படும். இந்த மாதிரி பார்க்குகள்ல குழந்தைக்கு உயரத்தை அளந்து டிக்கெட் போடறாங்க. குள்ளமா இருந்தா இலவசம். ஏன்? அது ரைடுல ஏற முடியாது. நியாயம்தானே? அப்ப ஏறக்கூடாதுன்னு நீங்களே போர்டு வச்ச பொம்பளைகிட்ட மட்டும் எந்தக் கணக்குல முழுக்காசு வாங்கறீங்க? முழுக்காசு கொடுத்ததாலதான் சித்தி அந்தக் கேள்வியே கேட்டாங்க. நம்ம வீடுகள்ல "காசு வீணாப் போகுதே"ங்கறதுக்கு மேல ஒரு வற்புறுத்தல் கிடையாது.

கர்ப்பிணிக்குத் தனிச் சலுகை கொடுங்கன்னு நான் கேட்கலை. அது கவுன்டர்ல நின்னு ஊருக்கே சொல்ற மாதிரி ஆயிடும். லண்டன் ரயில்ல 2005-லேர்ந்தும் ஜப்பான்ல 2006-லேர்ந்தும் கர்ப்பிணிகளுக்கு பேட்ஜ் கொடுக்கறாங்க. வயிறு தெரியாத மாசங்கள்ல ரொம்ப உபயோகம். ஆனா எங்க சித்தி முன்னாடி அதை எப்படிக் குத்திக்கறது?

எனக்கு வேண்டியது 'ரைடு இல்லாத டிக்கெட்'. யார் வேணா வாங்கலாம், காரணம் கேட்கக்கூடாது. முட்டி வலி அம்மாயி வாங்கட்டும், பிபி இருக்கற மாமா வாங்கட்டும், அதோட எட்டு வாரக்காரியும் வாங்கட்டும். இது ஒண்ணும் புது யோசனை இல்லை. கோபன்ஹேகன்ல 1843-ல ஆரம்பிச்ச டிவோலி பார்க்ல உள்ளே போக ஒரு காசு, ரைடுக்குத் தனிக் காசு. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பொருட்காட்சியில ராட்டினத்துக்குத் தனியாத்தானே டிக்கெட்? சின்ன வயசுல மலம்புழா தோட்டத்துக்குப் போனா நுழைய ஒரு டிக்கெட், ரோப்வேக்கு வேற டிக்கெட். பாட்டி ஏறமாட்டேன்னா ஏன்னு யாரும் கேட்டதில்லை. எல்லாத்தையும் ஒண்ணா மூட்டை கட்டி விக்க ஆரம்பிச்ச பிறகு வந்த வினை இது.

கைக்குழந்தையோட போறவங்க பாடு வேற. இங்கே யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல அப்பா ரைடு ஏறினா அம்மா குழந்தையோட காத்திருந்து, மறுபடி வரிசையில நிக்காம அடுத்து ஏறலாம். நாங்க போன வருஷம் போன பார்க்ல அதெல்லாம் இல்லை. கைக்குழந்தையோட வந்த ஒரு பொண்ணு டாய்லெட் வாசல்ல துப்பட்டாவைப் போர்த்திகிட்டு பால் கொடுத்துட்டிருந்தா. தமிழ்நாட்டுல 2015-லயே பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை திறந்தாங்க. டவுன் பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்குக் கிடைச்சது ஆயிரக்கணக்குல காசு கொடுத்தவங்களுக்கு இல்லை.

டிசம்பர்ல நல்லபடியா பையன் பிறந்தான். மேயில அவனுக்கு அஞ்சு மாசம், தலையே இப்பத்தான் நின்னிருக்கு. நேத்து குரூப்ல தம்பி பொண்டாட்டி, "நானும் குட்டியும் வரலைங்க, வெயில்"னு போட்டா. அஞ்சு நிமிஷத்துல சித்தி, "எனக்கும் முட்டி வலி, நானும் இவங்களோட இருந்துக்கறேன்"னாங்க. சித்தி வரலைன்னா சித்தப்பா எங்கேயும் போகமாட்டார். பொடியனுக்கு எப்படியும் டிக்கெட் இல்லை.

போன வருஷம் 14 டிக்கெட். இந்த வருஷம் என்னையும் கழிச்சா 10.