ஓட்டமும் வம்சமும்

ஓட்டப்பந்தயத்தில் ஜமைக்கா வீரர்கள் பெறும் வெற்றிக்கு, அவர்தம் முன்னோர் அடிமைக் கப்பல்களில் பட்ட வதையே காரணமென்றும், அக்கொடுமைக்கு மடியாமல் எஞ்சிய வலியவர்களின் இரத்தமே சந்ததியாரின் கால்களில் ஓடுகிறதென்றும் கூறும் ஒரு வாதம், 2012ஆம் ஆண்டில் அமெரிக்க ஓட்டவீரர் மைக்கேல் ஜான்சனே அதை ஆதரித்துப் பேசியது முதல், விஞ்ஞான முடிவைப் போல உலவி வருகிறது.

ஆனால், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடத்திக் கொணரப்பட்ட அடிமைகளில் மிகப் பெருந்தொகையினர் இறக்கப்பட்டது பிரேசிலில். அந்நாட்டார் ஒலிம்பிக் 100 மீட்டரில் ஒருமுறையேனும் தங்கம் வென்றதில்லை. முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஜமைக்காவிலோ, 1910 முதல் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் ‘சாம்ப்ஸ்’ போட்டிகள் ஒரு தேசியத் திருவிழாவாகவே வளர்ந்திருக்கின்றன. 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனத்துப் பிள்ளைகளைக் கர்நாடகத்திலும் குஜராத்திலும் தேடிப் பிடித்துப் பயிற்றுவித்து, 1993இல் அத்திட்டத்தைக் கைவிட்டபோது, அவர்களுடைய வம்சம் மாறிவிடவில்லை. பயிற்சியும் போஷணையும் நின்றன, ஓட்டமும் உடன் நின்றது.

பினாங்குத் தமிழர் இவ்விவாதத்தை அந்நியருடையதென்று ஒதுக்கலாகாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தவர்களுள் மாண்டவர் அநேகர். துன்பத்தின் வடிகட்டலே வேகத்தைத் தருமாயின், தோட்டந்தோறும் ஓட்டவீரர்கள் தோன்றியிருக்க வேண்டுமே! 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடி நிறுவிய மலேசியத் தேசியச் சாதனையை, 2017இல் மலாக்காவின் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் என்ற மலாய் இளைஞர் 20.90 விநாடிகளில் முறியடித்தார். ஒரு தமிழரிடமிருந்து ஒரு மலாய்க்காரருக்குச் சென்ற அப்பெருமையை எந்த வம்சக் கணக்கில் எழுதுவது?

பிறவிக்கூறுக்கு ஓட்டத்தில் பங்கேயில்லை என்பது என் அபிப்பிராயமன்று. எனினும், வீரனின் வெற்றியில் அவன் பாட்டனை விலங்கிட்டவனுக்கும் பங்கு தருவது அநியாயம். பிள்ளையின் இனத்தைப் பார்த்தே அவன் ஓடுவான், இவன் ஓடமாட்டான் என்று தீர்ப்பிடுவது அதனினும் அநியாயம். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓடுவதற்கொரு திடலும், முறையறிந்த ஒரு பயிற்றுநரும், பசியாறச் சத்துணவும் கிடைக்குமாறு செய்வது அரசும் சமூகமும் ஏற்க வேண்டிய கடமை. அதைச் செய்யாதவரையில், வம்சத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.